மீதி எழுபத்தொன்பது

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒட்டுக்கேட்டேன்.

என் பழைய கண்ணாடியின் கால் உடைந்துவிட்டது. புதியதற்காகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிப் பெண் போனில் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கேப்டன்கிட்ட கெஞ்சினேன்டி, போனை மட்டும் கீழ வெச்சிடாதீங்கன்னு. இன்னும் முப்பத்தெட்டு பாக்கி இருந்துச்சு."

முப்பத்தெட்டு என்ன? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் பேசி முடித்ததும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "கேள்வி" என்றார். பிறகு கடை ரசீதின் பின்பக்கத்தில் வட்டங்களும் அம்புக்குறிகளும் போட்டு இருபது நிமிடம் விளக்கினார். கிளம்பும்போது, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டேன். "முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு தடவைதான் கேட்டேன். அதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

ரசீது என்னிடம் தங்கிவிட்டது. இந்தக் கதைக்கு மூலம் அந்த வட்டங்களும் அம்புகளும்தான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன். இப்படி ஒரு கதை கையில் மாட்டி எத்தனை வருஷமாகிறது.

2

முதல் தொடக்கம்: "பலர் சேர்ந்து இடும் டிஜிட்டல் கையெழுத்தின் பாதுகாப்பு என்பது, பங்கேற்பாளர்களில் ஒரு சாரார் நேர்மையற்றவர்களாக இருக்கக்கூடும் என்னும் அனுமானத்தின்" —

[எழுதும்போதே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "பிற்பகல் மணி ஒன்று பத்து. அவளுடைய விரல்கள் விசைப்பலகையின் மேல் உறைந்தன. உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒருவன் சிரித்தான்" —

[எந்த மூலையில்? எதற்குச் சிரித்தான்? எழுதுகிற எனக்கே தெரியவில்லை. இதுவும் போகட்டும்.]

மூன்றாவது நின்றுவிட்டது. அதுதான் கீழே வருகிறது.

3

அவள் தன் பழைய தவறைச் சாப்பாட்டு இடைவேளையில் கண்டுபிடித்தாள்.

மூன்றாம் மாடி அலுவலகத்தில் மற்ற ஐந்து பேரும் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு கையில் கரண்டியும் மறு கையில் மவுஸுமாக, தானே எழுதிய நிரலைப் படித்துக்கொண்டிருந்தாள். படிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஊருக்குப் போகிறவர்கள் பூட்டிய பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரிதான். நாலு மணிக்குப் பெரிய தொகை ஒன்றை அனுப்பக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

யாருடைய பணம் என்று சொல்லிவிடுகிறேன். கப்பலில் வேலை செய்கிறவர்களின் சங்கம் ஒன்று. உறுப்பினர்கள் பல நாடுகளில், பல கடல்களில் இருக்கிறார்கள். முதலாளி கைவிட்டுவிட்ட கப்பல்களில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு உதவ ஒரு பொதுநிதி வைத்திருந்தார்கள். வங்கி வழியாக அனுப்பினால் வாரக்கணக்கில் ஆகிறதென்று அதைக் கிரிப்டோ பணமாக மாற்றியிருந்தார்கள். இப்போது பதினோரு பேர் ஒரு துறைமுகத்தில் நாலு மாதமாகக் கப்பலை விட்டு இறங்க முடியாமல் கிடக்கிறார்கள். இன்று மாலைக்குள் விமான டிக்கெட் எடுத்தால் இறங்க விடுவதாக அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் சங்கம் ஒரு வேண்டுகோள் விட்டது. நிதி எப்போதும் இல்லாத அளவுக்கு நிரம்பியிருந்தது.

கிரிப்டோ பணத்துக்குச் சாவிதான் எல்லாம். சாவி யாரிடமோ, பணம் அவருடையது. அதனால் ஒருவரிடமும் முழுச் சாவி இருக்கக் கூடாதென்று மூன்று பங்காக்கியிருந்தார்கள். சங்கத் தலைவரான ஓய்வுபெற்ற கேப்டனிடம் ஒன்று. பொருளாளரிடம் ஒன்று. மென்பொருளை எழுதிய இவளிடம் ஒன்று. எந்த இரண்டு பேர் சேர்ந்தாலும் கையெழுத்துப் போடலாம். அப்போதும் பங்குகளை ஒட்டி முழுச் சாவி ஆக்குவதில்லை. அவரவர் பங்கு அவரவர் கருவியைவிட்டு வெளியே போகாமலே, கருவிகள் தங்களுக்குள் கணக்குப் பேசி ஒரே ஒரு கையெழுத்தை உண்டாக்கும்.

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கேயுமே முழுதாக இல்லாத சாவி, ஆனால் பூட்டு திறக்கிறது. பாதிக் கதையை எழுதியவன் வைத்துக்கொண்டு மீதியைப் படிக்கிறவரிடம் விட்டுவிடுவது எங்கள் தொழில். இவர்கள் அதை எண்களால் செய்கிறார்கள்.)

கருவிகள் பேசிக்கொள்ளும்போது ஒன்று பொய் எண்ணைக் கொடுத்து மற்றதன் பங்கைக் கறந்துவிடலாம். அதைத் தடுக்கத்தான் கேள்வி. "நீ கொடுத்தது முறையான எண்தானா?" என்று ஒன்று மற்றதைச் சோதிக்கும். சோதனை இரண்டு விதம். எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. நேர்மையான கருவி இரண்டுக்கும் பதில் சொல்லும். ஏமாற்றுகிற கருவியால் ஒன்றுக்குத்தான் தயாராக வர முடியும். பூவா தலையா போடுவதுதான். ஒரு தடவை கேட்டால் பாதிக்குப் பாதி தப்பித்துவிடும். எண்பது தடவை கேட்டால்? தொடர்ந்து எண்பது தடவை பூவே விழ வேண்டும். இந்தப் பூமியில் நடக்கிற காரியம் இல்லை.

நிரலில் எண்பது என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்று இருந்தது.

பக்கத்தில் அவளே எழுதி வைத்த குறிப்பு: "கேப்டன் போனுக்காக. தற்காலிகம்." தேதி பதினாலு மாதம் முந்தியது.

கரண்டி டிபன் பாக்ஸில் விழுந்தது. எல்லாம் ஞாபகம் வந்தது. கேப்டனின் போன் பழசு. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு நொடி திணறும். எண்பதும் முடிய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். கவிழ்த்தால் திரை அணையும், கணக்கு அறுந்துபோகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. நாலாம் நாள் அவள் எண்பதை ஒன்றாக்கினாள். ஐந்து நொடியில் முடிந்தது. கேப்டன் அவளை மேதை என்றார்.

4

[இங்கே ஒரு தொழில் சந்தேகம். இவ்வளவு கெட்டிக்காரியை இப்படி ஒரு அசட்டுத்தனம் செய்ய விடலாமா? ரசீதைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலையில் "80 → 1" என்று எழுதி அந்தப் பெண் இரண்டு கோடு போட்டிருந்தார். கெட்டிக்காரர்கள்தான் இந்தத் தவறைச் செய்வார்கள். மற்றவர்களுக்கு அந்த எண்ணை எங்கே மாற்றுவதென்றே தெரியாது.]

இனிமேல்தான் எனக்குக் கை பரபரக்கிறது.

ஏனென்றால் அடுத்த நொடியே அவள் யோசித்தாள்: ஏமாற்ற நினைத்தவன் பாதித் தடவைதான் தப்பிப்பான். மீதிப் பாதியில் மாட்டுவான். மாட்டினால் தடயம் இருக்கும். அப்படியானால் பதிவேட்டில் தேடலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூவரும் தங்கள் பங்குகளைப் புதுப்பிப்பார்கள். புதுச் சாவி செய்யும்போதும் இப்படிப் புதுப்பிக்கும்போதும்தான் சோதனைக் கேள்வி வரும். பதினாலு மாதத்தில் நாலு முறை புதுப்பித்திருக்கிறார்கள். அவளுடைய கணினி தன் பங்கு வேலையைத் தானாகவே முடித்து, ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருந்தது. நெட் அறுந்தால் "தொடர்பு இல்லை" என்று பதிவாகும். அப்படி ஏழெட்டு வரிகள் இருந்தன, எல்லாம் கேப்டன் புண்ணியம். ஆனால் ஐந்து வாரம் முந்திய ஒரு செவ்வாய்க்கிழமையில் வேறு மாதிரி ஒரு வரி இருந்தது: "பதில் பொருந்தவில்லை."

அந்த வரி வரவே கூடாது. நேர்மையான கருவியின் பதில் பொருந்தாமல் போகாது. அதற்கு ஒன்றரை நிமிடம் கழித்து, அதே கருவியிடமிருந்து இன்னொரு முயற்சி. அந்தத் தடவை பொருந்திவிட்டது.

கருவி பொருளாளருடையது. பொருளாளர் அவளுடைய சித்தப்பா.

அப்பா கப்பலில் இருந்த காலமெல்லாம் அவளைப் பரீட்சைக்குக் கூட்டிப்போய் வாசலிலேயே மூன்று மணி நேரம் நின்றவர் சித்தப்பா. அனுப்ப வேண்டிய முகவரியை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்த பிறகுதான் பொத்தானை அழுத்துவார். திரையில் எது சிவப்பாகத் தெரிந்தாலும் உடனே அவளைக் கூப்பிடுவார். "பாப்பா, சிவப்பா ஏதோ வந்திருக்கு" என்பார். போன வருஷம் விளம்பரம் ஒன்று சிவப்பாக வந்ததற்கே கூப்பிட்டவர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதில் பொருந்தாதபோது அவர் திரையிலும் சிவப்பு வந்திருக்கிறது. சித்தப்பா கூப்பிடவில்லை.

(முதல் வரைவில் இந்தச் சித்தப்பாவை வில்லனாக எழுதினேன். மெல்லிய மீசை, நழுவும் பார்வை, எல்லாம் வைத்தேன். பிறகு கைக்குட்டையை நாலாக மடித்து இஸ்திரி போடுகிறவர் என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது. அதற்குப் பிறகு மீசை ஒட்டவில்லை. அவர் கணினிக்குள் வேறு எவனோ புகுந்து உட்கார்ந்திருக்கலாம், சித்தப்பாவுக்குத் தெரியாமலே இருக்கலாம். இல்லையென்றால் சித்தப்பாவே. பதிவேட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.)

யாராக இருந்தாலும், பொருந்திவிட்ட அந்த இரண்டாம் முயற்சியில் இன்னொரு பங்கையும் கறந்து முழுச் சாவி போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்படியானால் பணம் ஏன் இன்னும் இருக்கிறது? ஐந்து வாரம் முன்பு நிதியில் சொற்பம்தான் இருந்தது. இப்போதுதான் நிரம்பியிருக்கிறது. காத்திருந்தவனுக்கு இதுதான் நாள்.

மணி ஒன்று நாற்பது.

5

அவளுக்கு முன்னால் இருந்த வழி ஒன்றுதான். கேப்டனோடு சேர்ந்து புதிய சாவி செய்ய வேண்டும். பழைய சாவியால் கையெழுத்துப் போட்டுப் பணத்தை அங்கே மாற்ற வேண்டும். சித்தப்பாவிடம் சொல்லக் கூடாது. சொன்னால், அவரே திருடன் என்றாலும் சரி, திருடன் அவர் கணினியில் ஒளிந்திருந்தாலும் சரி, ஒரே சொடுக்கில் எல்லாம் போய்விடும். பதினோரு பேரும் கப்பலிலேயே கிடப்பார்கள். சொல்லாமல் செய்தால், சித்தப்பா குற்றமற்றவர் என்னும் பட்சத்தில், தான் மகளாக வளர்த்தவள் தன் முதுகுக்குப் பின்னால் —

[இந்த வாக்கியத்தை அவளாலும் முடிக்க முடியவில்லை. நானும் விட்டுவிடுகிறேன்.]

புதிய சாவிக்கு எண்பது கேள்வியும் வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் அதுவும் அதே ஓட்டைப் பானைதான். அதாவது கேப்டனின் போன் ஐந்தரை நிமிடம் நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

அவள் அவருடைய வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டாள். கைப்பேசி கணக்குக்கு மட்டும் இருக்கட்டும் என்று. "கேப்டன், உங்களுக்கு வாட்ச் டூட்டி."

"ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷம் ஆச்சும்மா."

"அஞ்சு நிமிஷம்தான். கைப்பேசியில ஒரு எண் ஏறிக்கிட்டே வரும். ஒவ்வொண்ணா எனக்குச் சத்தமா சொல்லணும். எண்பது வரைக்கும். கண்ணை எடுக்கக் கூடாது."

"சொல்லாம பாத்துக்கிட்டிருந்தா போதாதா?"

"நீங்க பாத்துக்கிட்டிருப்பீங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

அவர் சிரித்தார். பிறகு கப்பல் மேல்தட்டிலிருந்து கத்துகிற குரலில் தொடங்கினார். "ஒண்ணு. ரெண்டு."

பதினைந்து வரை நன்றாகத்தான் போனது. பதினாறில், "வாசல்ல யாரோ பெல் அடிக்கறாங்க" என்றார்.

"அடிக்கட்டும்."

"பதினேழு. தபால்காரனா இருக்கும்."

"கேப்டன், போனைக் கீழ வெச்சிடாதீங்க."

"வெக்கலம்மா. பதினெட்டு. போன தடவை அஞ்சு செகண்ட்ல முடிஞ்சுதே, இப்ப என்ன இழுவை?"

இருபத்தைந்து வரை அவர் எண்ணிக்கொண்டே போனார். பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எண்பதை ஒன்றாக்கியது, யாருக்காக, எத்தனை மாதமாக. மறுமுனையில் எண்ணிக்கை நிற்கவில்லை, குரல் மட்டும் இறங்கியது.

"நாப்பத்தொண்ணு. என் போனுக்காகவா குறைச்சே? நாப்பத்திரெண்டு."

இன்னும் முப்பத்தெட்டு பாக்கி.

"ஆமா கேப்டன்."

"நாப்பத்தி மூணு. நான் செடிக்குத் தண்ணி ஊத்தப் போனதுக்கு பதினோரு பேரோட டிக்கெட்டா? நாப்பத்தி நாலு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா புதுப் போன் வாங்கியிருக்க மாட்டேனா?"

"மாட்டீங்க."

"நாப்பத்தஞ்சு. சரி, மாட்டேன்." கொஞ்ச நேரம் வெறும் எண்களாக வந்தன. ஐம்பத்திரண்டில் கேட்டார்: "இப்ப என்னையும் சந்தேகப்பட்டுத்தான் எண்பது தடவை கேக்கறியா?"

"இல்ல. அப்புறமா உங்களைச் சந்தேகப்பட வேண்டி வரக் கூடாதுன்னு கேக்கறேன்."

"அம்பத்தி நாலு. உன் சித்தப்பா ஏன் இதுல இல்ல?"

"நீங்க எண்ணுங்க கேப்டன்" என்றாள். கேப்டன் நாற்பது வருஷம் கடலைப் பார்த்தவர். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு என்று மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தார். இரண்டாம் தடவை கேட்கவில்லை.

(எழுதும்போது இந்த இடத்தில் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அறுபதைத் தாண்டியபோது நானும் கூடவே வாய்விட்டு எண்ணினேன். சமையலறையிலிருந்து மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள்.)

எழுபத்தொன்றில் கைப்பேசியின் பேட்டரி சிவப்பாகிவிட்டதென்றார். சார்ஜர் அடுத்த அறையில் இருந்தது. "போனோட நடந்து போங்க, திரை உங்களைப் பாத்தபடி இருக்கட்டும்" என்றாள். தொலைபேசி வயர் அவ்வளவு தூரம் எட்டாது. அவர் ரிசீவரை மேஜையில் போட்டுவிட்டுப் போன சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. டிபன் பாக்ஸில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

தூரத்து அறையிலிருந்து, இரண்டு கதவு தாண்டி, அந்த மேல்தட்டுக் குரல் வந்தது. "எழுபத்தாறு. கேக்குதா? எழுபத்தேழு."

"கேக்குது கேப்டன்" என்று அவள் காலி அலுவலகத்தில் கத்தினாள்.

எண்பது.

புதிய சாவி பிறந்தது. பழைய சாவியால் இருவரும் கையெழுத்திட்டார்கள். நிதி முழுக்கப் புதிய இடத்துக்கு நகர்ந்தது. இரண்டு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. அதே சூட்டோடு புதிய சாவியால் டிக்கெட் பணத்தையும் அனுப்பினார்கள். நாலு மணி வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? பதினோரு டிக்கெட்டும் உறுதி என்று பயண அலுவலகத்திலிருந்து செய்தி வந்தபோது அவள் மேஜையைக் கையால் ஓங்கி அடித்தாள். டிபன் பாக்ஸ் மூடி எகிறிப் போய் விழுந்தது. சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. எனக்கும்தான்.

புதிய சாவிக்கும் மூன்று பங்கு. ஒன்று அவளிடம், ஒன்று கேப்டனிடம். மூன்றாவது தற்காலிகமாக அலுவலகத்தின் பழைய கணினி ஒன்றில் இருந்தது. பொருளாளரின் இடம் காலி.

6

முடிவுக்கு வருகிறேன். இரண்டு எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: சித்தப்பாதான். கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார். [அவர் ஏன் செய்தார் என்பதற்கு மூன்று காரணம் எழுதினேன். மூன்றையும் நானே நம்பவில்லை.]

முடிவு ஆ: சித்தப்பா அப்பாவி. கணினியில் புகுந்த திருட்டு நிரலைக் கண்டுபிடிக்கிறார்கள். அவள் காலில் விழுகிறாள், அவர் தூக்கி நிறுத்துகிறார். [இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே நம்ப முடியவில்லை. சுலபமாகக் கலங்குகிற கண் எனக்கு.]

இரண்டையும் கிழித்துவிட்டு, கதை விட்ட இடத்திலிருந்து, அடுத்து நடப்பதை மட்டும் எழுதினேன்.

7

இரண்டு ஆறுக்கு அவளுடைய போன் அடித்தது. சித்தப்பா.

"பாப்பா, சிவப்பா ஏதோ வந்திருக்கு."

அவள் எழுந்து ஜன்னலோரம் போனாள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் சக ஊழியர்கள் சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

"நாலு மணிக்குத்தானே சித்தப்பா கையெழுத்து. இப்பவே ஏன் உக்காந்தீங்க?"

"பதினோரு பேரு சமாச்சாரம். எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடலாம்னு திறந்தேன். நிதியில ஒண்ணுமே இல்லேங்குது."

பூட்டை இழுத்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்ததென்று அவளுக்குத் தெரியும். திருட வந்து ஏமாந்தவனும் இதையேதான் சொல்வான் என்பதும் தெரியும். அவருடைய குரல் நடுங்குகிற மாதிரி இருந்தது. பயந்தவர் குரலா, மாட்டியவர் குரலா? தொலைபேசியில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

பணம் பத்திரமாக இருக்கிறதென்று முதலில் சொன்னாள். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. பிறகு கேட்டாள்.

"சித்தப்பா, அஞ்சு வாரம் முன்னாடி, பங்கு புதுப்பிச்ச செவ்வாய்க்கிழமை. அன்னிக்கும் சிவப்பு வந்துச்சு. நீங்க என்னைக் கூப்பிடலயே."

உடனே பதில் வந்தது.

"அன்னிக்கு உனக்குக் காய்ச்சல்ல பாப்பா. தூங்கிட்டிருப்பே, எழுப்ப வேணாம்னு நானே இன்னொரு தடவை அழுத்தினேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உண்மைதான். அன்று அவளுக்கு நல்ல காய்ச்சல். அவள் மறந்தே போயிருந்தாள், சித்தப்பா மறக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உடனே மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

நான் அவளைத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். பதில் பொருந்துகிறது. ஆனால் ஒரே ஒரு பதில்தான் பொருந்தியிருக்கிறது. தயாராக வந்தவருக்கும் இது பொருந்தும். பாசத்தில் வந்தவருக்கும் பொருந்தும். ஒன்றோடு நிறுத்திக்கொண்டு நம்பினால் என்ன ஆகுமென்று இந்தக் கதையில் எல்லாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவரை மறுபடி நம்ப வேண்டுமென்று எல்லாரையும்விட அதிகமாக ஆசைப்படுகிறவளும் அவள்தான். அதற்காகத்தான் மேலும் கேட்க வேண்டியிருக்கிறது.

எனக்கு அதற்குத் தைரியம் போதாது. கண்ணாடிக் கடையிலேயே ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டவன் நான்.

அதனால் நீங்கள் கேளுங்கள். மீதி எழுபத்தொன்பது உங்களிடம் இருக்கிறது. உங்களுக்குத் திருப்தியானால் அந்தக் காலியிடத்தில் அவரை உட்காரவையுங்கள், இல்லையென்றால் அது காலியாகவே இருக்கட்டும். ஆனால் இரண்டாவது கேள்வியைச் சீக்கிரம் யோசியுங்கள். சித்தப்பா லைனில் காத்துக்கொண்டிருக்கிறார். "பாப்பா, இருக்கியா?" என்கிறார். அவள் இன்னும் போனைக் கீழே வைக்கவில்லை.